குளிர்காலக் கப்பலும் கீழ்த்தளத்து மனிதரும்

கார்த்திகை பிறந்துவிட்டால் நற்பிட்டிமுனையில் கடலைப் பற்றிய பேச்சு குறைந்துவிடும். ஊருக்குக் கிழக்கே, கல்முனைக் கரையில் வாடை முறுகி வீசும். கரைவலைத் தோணிகள் மேட்டில் இழுத்து ஏற்றப்பட்டிருக்கும். கடலை நம்பிய குடும்பங்கள் கடையில் கடன் சொல்லத் தொடங்கும். மேற்கே வயல்வெளியில் பெரும்போக வேளாண்மை தண்ணீரில் நிற்கும். வெள்ளம் பெருகினால் என் செய்வது என்ற கவலையோடு விவசாயி வரம்பில் நிற்பான். மார்கழியும் தையும் நமக்கு மாரி மாதங்கள். கூலிவேலை குறைந்து அடுப்பும் அடங்கும் மாதங்கள்.

இதே மாதங்களையே உலகின் மற்றொரு பகுதியினர் கடலில் இன்பமாகக் கழிப்பதற்குரிய காலமாகத் தேர்ந்துகொண்டனர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனி கொட்டும்போது, வெயிலைத் தேடிக் கப்பலேறுவது அங்கே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. 2024 ஜனவரி 27இல் அமெரிக்காவின் மயாமித் துறையிலிருந்து ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ என்ற கப்பல் தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. பின்லாந்தின் தூர்க்குக் கப்பற்றளத்திற் கட்டப்பட்ட அதன் கொள்ளளவு 2,48,663 தொன். நீளம் 365 மீற்றர், தளங்கள் 20, நீச்சற்குளங்கள் 7. பயணிகள் 7,600 பேர் வரையும் பணியாளர் 2,350 பேரும் அதிற் செல்லலாம். பத்தாயிரம் மனிதரைச் சுமந்து மிதக்கும் ஊர் என்றே அதனைச் சொல்லவேண்டும்.

இத்தகைய கப்பல்களின் படத்தைக் காணும் நம் இளைஞர் வியப்படைவது இயல்பு. வியப்பு தவறன்று, மனிதனின் கைத்திறனைக் கண்டு வியக்காதவன் யார்? ஆயின், வரலாற்றைக் கற்பவன் வியப்போடு நின்றுவிடலாகாது. இந்த இன்பப்பயணம் எங்கிருந்து பிறந்தது, அது யாருடைய தோளின் மீது நடக்கின்றது என்ற கேள்விகளையும் அவன் எழுப்பியாக வேண்டும். அக்கேள்விகளுக்கு விடைதேடிச் செல்வோமாயின், ஒவ்வொரு காலத்திலும் ஒரே கப்பலில் இருவேறு உலகங்கள் பயணம் செய்திருப்பதைக் காண்போம்.

உல்லாசக் கப்பல் ஏழைகளை ஏற்றிய கப்பலிலிருந்தே பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் வறிய மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களை மூன்றாம் வகுப்பின் இருண்ட அறைகளில் நெருக்கி ஏற்றியே ஜேர்மனியின் ஹம்பேர்க்–அமெரிக்கக் கப்பற் கம்பனி செழித்தது. அக்கம்பனியின் பயணிகள் பகுதியை 1886 முதல் நடத்திவந்தவர் அல்பேர்ட் பாலின். கம்பனி கட்டிய புதிய விரைவுக் கப்பல்கள் கோடையில் நிறைந்தோடின. குளிர்காலத்தில் அத்திலாந்திக் கடல் கொந்தளித்தபோது செல்வந்தர் பயணத்தைத் தவிர்த்தனர். முதலீடு செய்த பணம் துறையிற் சும்மா கிடப்பதை எந்த முதலாளிதான் பொறுப்பான்? பாலின் ஒரு வழி கண்டார். 1891 ஜனவரி 22இல் ‘அவுகுஸ்தா விக்டோரியா’ என்ற கப்பல் 241 பயணிகளுடன் குக்ஸ்ஹாவன் துறையிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கிப் புறப்பட்டது. போய்ச்சேரவேண்டிய ஊர் என்று எதுவுமில்லை. இரண்டு மாதம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்புவது என்பதே திட்டம். வேடிக்கையான யோசனை என்று நகைத்தவர்களும் உண்டு. ஆனால், இன்றைய குளிர்கால உல்லாசப் பயணங்களின் மூலவேர் அதுவே.

அந்தக் கப்பல் அலெக்சாந்திரியாவைத் தொட்டது. பயணிகள் எகிப்தின் கூர்நுதிக் கோபுரங்களைக் கண்டு களித்தனர். அவ்வேளை எகிப்தின் நிலை என்ன? 1882இல் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அதே அலெக்சாந்திரியாவைப் பீரங்கியாற் சிதைத்து நாட்டைக் கைப்பற்றியிருந்தன. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற அஹ்மத் ஓராபி பாஷா நாடுகடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார். 1901இல் விடுதலை பெறும்வரை அவர் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். இலங்கை முஸ்லிம்களின் கல்வி எழுச்சிக்கு அவர் ஊக்கமளித்தமையும், சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் முயற்சியால் 1892இல் கொழும்பில் எழுந்த மத்ரசாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தமையும் நம்மவர் அறிந்த செய்திகள். நைல் நதியைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட தோமஸ் குக் கம்பனிதான் 1884இல் சூடானை நோக்கிச் சென்ற பிரித்தானியப் படையினர் ஏறத்தாழ 18,000 பேரை அந்நதி வழியே ஏற்றிச்செல்லும் குத்தகையையும் பெற்றது. உல்லாசப் பயணியும் படைவீரனும் ஒரே கம்பனியின் கணக்கேட்டில் வாடிக்கையாளராயினர். எகிப்தியன் தன் நாட்டை இழந்த பின்னரே, அந்நாடு பிறருக்குக் காட்சிப்பொருளாயிற்று.

இனி நம் சமயத்தவர் சென்ற கப்பல்களை நோக்குவோம். கிழக்கு நாடுகளின் முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்காகக் கப்பலேறிய காலத்தில் அவர்களுக்கு வாய்த்த பயணம் எத்தகையது என்பதற்கு ‘ஜித்தா’ என்ற கப்பலின் கதையே போதும். 1880 ஜூலையில் அது ஆயிரம் பேரளவில் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. ஓகஸ்ட் மாதம், ஆபிரிக்காவின் கார்டபூய் முனைக்கருகே புயலிற் சிக்கிக் கப்பலினுள் நீர் புகுந்தது. ஆங்கிலேயத் தலைமை மாலுமியும் அவருடைய அதிகாரிகளும் என்ன செய்தனர்? ஆண், பெண், குழந்தை அனைவரையும் கைவிட்டு, இரவோடிரவாகப் படகிலேறித் தப்பினர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடனை அடைந்து, ‘ஜித்தா’ மூழ்கிவிட்டதென அறிவித்தனர். மறுநாளே, யாத்திரிகர் கைவிடாது நீரிறைத்து மிதக்கவைத்திருந்த அக்கப்பலை ‘அன்ரெனோர்’ என்ற கப்பல் இழுத்துக்கொண்டு ஏடன் துறைக்கு வந்துசேர்ந்தது! உலகமே திகைத்தது. விசாரணையின் முடிவில் தலைமை மாலுமிக்குக் கிடைத்த தண்டனை, அவருடைய தகுதிப்பத்திரம் மூன்றாண்டு நிறுத்திவைக்கப்பட்டமை மாத்திரமே. இந்நிகழ்ச்சியையே பின்னர் ஜோசப் கொன்ராட் தம் நாவலொன்றுக்குக் கருவாக்கினார்.

ஈண்டு ஒன்றை மறைக்கலாகாது. அக்கப்பலின் உரிமையாளர் ஆங்கிலேயரல்லர். சிங்கப்பூரின் செல்வமிக்க அரபு வணிகக் குடும்பமான அல்சகோப் குடும்பத்தினர். வெள்ளையன் கறுப்பனைக் கைவிட்டான் என்பதோடு இக்கதை முடிந்துவிடவில்லை. சமயம் ஒன்றாயிருந்தும், ஏழை யாத்திரிகனை இயன்றவரை நெருக்கி ஏற்றி இலாபம் காணும் விதியில் மாற்றம் இருக்கவில்லை. மேற்றளம், கீழ்த்தளம் என்ற பிரிவு நிறத்தாலும் வந்தது, பணத்தாலும் வந்தது.

அந்நாளிற் கப்பலை இயக்கியவர் யார்? பீ அன்ட் ஓ முதலிய பிரித்தானியக் கம்பனிகளின் கப்பல்களில் இந்திய மாலுமிகள், ‘லஸ்கர்’ என்ற பெயரில், பெருந்தொகையாக உழைத்தனர். மேற்றளத்திற் குஜராத், கொங்கணக் கரையினர். சாப்பாட்டு மண்டபத்திற் கோவாவின் கத்தோலிக்கர். கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் நரகத்திற் பஞ்சாபினரும் சில்ஹட் முஸ்லிம்களும். முதலாம் உலகப்போர் மூண்ட வேளையிற் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் இவர்களின் தொகை ஏறத்தாழ 50,000. ஐரோப்பிய மாலுமியின் ஊதியத்தில் மூன்றிலொரு பங்கும், சில வேளை ஐந்திலொரு பங்குமே இவர்களுக்குக் கிடைத்தது. உறங்கும் இடத்தையும் சட்டம் அளந்து கொடுத்தது. ஐரோப்பியனுக்கு 72 கன அடி; 1906இன் பின்னர் 120 கன அடி. லஸ்கருக்கு 36 கன அடி! மனிதனுடைய மூச்சுக்காற்றைக்கூட நிறம் பார்த்துப் பங்கிட்ட சட்டம் அது.

இவர்கள் பொறுத்தே கிடந்தார்களென எண்ணுதல் தவறு. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டவுடன் லஸ்கர்கள் பல துறைகளில் வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறையிடப்பட்டனர், எனினும் ஊதியம் உயர்ந்தது. அப்போரிற் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் உயிர்நீத்த இந்திய மாலுமிகள் 6,000க்கு மேற்பட்டோர் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

நமது நாட்டின் துறைமுக வரலாறும் இதனோடு பின்னிக் கிடக்கின்றது. 1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் கிழக்கு நோக்கிய கப்பல்கள் பெருகின. 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அவ்வேலை நிறைவுற்றது. பீ அன்ட் ஓ கம்பனி 1882இலேயே காலித் துறையை விட்டுக் கொழும்புக்கு மாறிற்று. அவுஸ்திரேலியாவுக்கும் தூரகிழக்குக்கும் செல்லும் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்காக இங்கே தங்கின. கரித்தூள் பறக்கும் வேளையிற் பயணிகள் கப்பலில் இருக்க விரும்பார். கரையிறங்கிக் காலிமுக விடுதியிலும் கல்கிசையிலும் உண்டு களித்து, கறுவாத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, மாலையில் மீளுவர். அவர்கள் மீளுவதற்குள் தொன் கணக்கான கரியைச் சுமந்து ஏற்றிக் கப்பலையும் கழுவி வைப்பது கூலிகளின் வேலை. அவர்களிற் பலர் தென்னிந்தியாவிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தோர். பயணியின் நாட்குறிப்பில் அன்றைய தினம் ‘கொழும்பு, அழகிய நகரம்’ என்று பதிவாயிற்று. கரி சுமந்தவனுக்கோ நாட்குறிப்பே இல்லை. ஆயினும் அவன் தன் வரலாற்றை வேறு வகையில் எழுதினான். ஏ. ஈ. குணசிங்க தலைமையில் 1927இல் நடந்த கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் பெரும் போராட்டங்களுள் ஒன்று. 1958இல் துறைமுகத்தின் சரக்குவேலை தனியாரிடமிருந்து அரசுக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியதற்கு அத்தகைய போராட்டங்களே நிலம் பண்படுத்தின.

தொழிலாளிக்கும் கப்பலில் உல்லாசப் பயணம் தருவோம் என்று கூறியவர்களும் வரலாற்றில் உண்டு. அவர்கள் யாரென அறிந்தால் வாசகர் திடுக்கிடுவர். ஹிட்லரின் ஆட்சி 1933 மே மாதத்திற் ஜேர்மனியின் தொழிற்சங்கங்களை நசுக்கிற்று; சங்கத் தலைவர்களைச் சிறையிலிட்டது; மறு ஆண்டிலிருந்து தன் ‘மகிழ்ச்சியின் மூலம் வலிமை’ நிறுவனத்தின் பேரில் மலிவுக் கடற்பயணங்களை நடத்திற்று. 1938இற் சேவைக்கு வந்த ‘வில்ஹெல்ம் குஸ்ட்லோப்’ என்ற கப்பலில் வகுப்புப் பிரிவு கிடையாதெனப் பறைசாற்றினர். சங்கம் வைக்கும் உரிமையைப் பறித்துவிட்டு ஏழு நாட் பயணத்தைக் கொடுத்தது அந்த ஆட்சி. ஈராண்டுக்குள் அக்கப்பல் மருத்துவக் கப்பலாயிற்று. 1945 ஜனவரி 30இல், போர்முனையிலிருந்து தப்பியோடிய அகதிகளோடு போல்டிக் கடலில் மூழ்கியது. ஆயிரமாயிரம் பேர் மடிந்தனர். உரிமை இழந்தவனுக்கு அளிக்கப்படும் உல்லாசத்தின் விலை யாதென்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா?

போருக்குப் பின்னர் விமானம் கப்பலை வென்றது. 1958இல் அத்திலாந்திக்கைக் கடந்தோருள் ஆகாயவழிச் சென்றோர் கடல்வழிச் சென்றோரை விஞ்சினர். ஊருக்கு ஊர் மனிதரை ஏற்றும் தொழில் கைநழுவவே, கப்பற் கம்பனிகள் பாலின் கண்ட வழியையே முழுநேரத் தொழிலாக்கின. 1966 முதல் மயாமி அதன் தலைநகராயிற்று. அத்துடன் கொடியும் மாறியது. 1922இல், அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய நாளில், ‘ரிலையன்ஸ்’, ‘ரெசொலூட்’ என்ற இரு பயணிகள் கப்பல்களை, கடலில் மது விற்பதற்காகவே, பனாமா நாட்டின் கொடிக்கு மாற்றினார்கள் அமெரிக்க உரிமையாளர். குடிப்பவனுக்காகத் தொடங்கிய அத்தந்திரம் விரைவில் உழைப்பவனுக்கு எதிரான ஆயுதமாயிற்று. முதலாளி ஒரு நாட்டவன். கொடி வேறொரு நாட்டது. தொழிலாளி மூன்றாவது நாட்டவன். அவன் வழக்குரைக்க எந்த நாட்டு நீதிமன்றத்தின் படியேறுவான்? முற்கூறிய ‘ஐக்கன்’ கப்பல் பஹாமாஸ் நாட்டின் கொடியைப் பறக்கவிடுகின்றது. அதன் கம்பனி லைபீரியச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. தலைமை அலுவலகமோ மயாமியில். இன்றைய உல்லாசக் கப்பல்களில் அறை துடைப்போரும் பாத்திரம் கழுவுவோரும் உணவு பரிமாறுவோரும் பெரும்பாலும் பிலிப்பீன்ஸ், இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் பிள்ளைகள். லஸ்கர் என்ற பெயர் போயிற்று, கீழ்த்தளம் போகவில்லை.

இதனை இலங்கையர் கண்முன்னே காட்டிய நிகழ்ச்சியொன்று அண்மையில் நடந்தது. 2020 ஜனவரித் தொடக்கத்தில் ‘எம்.எஸ்.சி. மக்னிபிக்கா’ என்ற கப்பல், குளிர்கால உலகச் சுற்றுப்பயணமாக இத்தாலியிலிருந்து புறப்பட்டது. வழியிலேயே கொரோனாத் தொற்று உலகை மூடிவிட்டது. துறைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. ஏப்ரல் 6இல் எரிபொருளுக்காக அக்கப்பல் கொழும்பை அணுகியபோது, அதிற் பணியாற்றிய ஒரேயொரு இலங்கையரான சமையற்காரர் தம்மைச் சொந்த நாட்டில் இறக்கிவிடும்படி காணொளி மூலம் மன்றாடினார். நாடே அக்குரலைக் கேட்டது. கடற்படையினர் அவரை இறக்கித் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுசென்றனர். நோயுற்றிருந்த ஜேர்மானியப் பயணி ஒருவரும் மருத்துவத்திற்காக இறக்கப்பட்டார். பயணிகள் அம்மாதமே பிரான்சின் மார்செய்த் துறையில் இறங்கி வீடேகினர். ஆனால் அவ்வாண்டில் உலகக் கடல்களெங்கும் ஆயிரக்கணக்கான கப்பற் பணியாளர், பயணிகள் இறங்கிச் சென்ற பின்னரும், மாதக்கணக்கிற் கப்பல்களிலேயே அடைபட்டுக் கிடந்தனர். தன் தாய்நாட்டின் கரை கண்ணுக்குத் தெரியும்போதும், அதில் இறங்குவதற்கு ஒரு தொழிலாளி உலகறிய மன்றாட வேண்டியிருந்தது.

நம் கிழக்குக் கரைக்கும் இத்தொழில் வந்து எட்டிப்பார்த்திருக்கின்றது. 2023 ஜூனிற் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. வரவேற்பு மேளங்கள் முழங்கின. அம்பாறைக் கரையைப் பொறுத்தவரை, நமக்கென்று கட்டப்பட்ட துறைமுகம் ஒலுவிலில் இருக்கின்றது. துறைமுக அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் கண்ட கனவு அது. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் அது திறக்கப்பட்டது. அதன்பின் நடந்தது யாது? கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே கடல் கொண்டுசெல்லும் மணலை அலைதாங்கிகள் மறித்தன. துறைமுக வாயிலை மணல் அடைத்தது. வடபுறத்தே மணல் கிடைக்காத கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கியது. வணிகக் கப்பலுக்காகக் கட்டிய இடத்தில் மீனவனின் படகுகூடத் தடையின்றிப் போய்வர இயலாத நிலை வந்தது. கடலின் போக்கை நாள்தோறும் கைவலையால் அறிந்த கரைவலைக்காரனின் அறிவுக்குத் திட்டத்தில் உரிய இடம் தராததன் கூலி இது.

கடற்பயணம் வேண்டாம், உல்லாசம் பாவம் என்று கூறுவது எமது நோக்கமன்று. ஓய்வு மனிதனின் உரிமை. சம்பளத்துடன் விடுமுறை என்ற கொள்கையைச் சர்வதேசத் தொழில் தாபனம் 1936இலேயே உடன்படிக்கையாக்கிற்று. ஐக்கிய நாடுகளின் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை ஓய்வையும் விடுமுறையையும் எல்லா மனிதருக்கும் உரியவையெனச் சாற்றுகின்றது. வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும், மருதமுனையில் தறியில் அமர்ந்தவனுக்கும், கல்முனைக் கரையில் வலையிழுத்தவனுக்கும் அவ்வுரிமை உண்டு. ஓய்வு சிலருக்கு மேற்றளத்திலும் உழைப்பு பலருக்குக் கீழ்த்தளத்திலும் என வகுக்கப்பட்டிருப்பதே நாம் எதிர்க்கும் அநீதி.

கப்பல் வேலையை நாடும் நம் பிள்ளைகள் சில செய்திகளை அறிந்திருத்தல் அவசியம். 2006ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதனை ஏற்றுள்ளது. வேலை தேடித் தருவோர், கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவைத் தவிர வேறெந்தக் கட்டணத்தையும் கடற்றொழிலாளியிடம் அறவிடலாகாது என்பது அதன் விதி. காணியை ஈடுவைத்தும் தாயின் தாலிக்கொடியை விற்றும் முகவருக்குப் பணம் கொடுக்கும் பிள்ளை இதனை அறிந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பும்! அதே உடன்படிக்கை எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் குறைந்தபட்ச ஓய்வாக இருக்கவேண்டுமென்கின்றது. வேலை நேரத்தை அளந்து விதிக்கும் நாட்டில் அது வாரத்திற்கு 72 மணி வரை செல்லலாம் என்றும் இடம் விட்டிருக்கின்றது. கரையிலே எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் உயிர்கொடுத்து நூறாண்டு கடந்துவிட்டது. கடலில் அப்போர் இன்னும் முடியவில்லை.

வாடை அடங்கிப் பங்குனி பிறந்ததும் கல்முனைக் கரையில் தோணிகள் மீண்டும் இறங்கும். திருகோணமலையில் அடுத்த உல்லாசக் கப்பல் வருவதற்குள் ஒலுவிலின் மணல் அகற்றப்படவேண்டும். அரித்த கரைக்கு ஈடு வேண்டும். கப்பலேறும் பிள்ளைக்கு அவனுடைய மொழியில் எழுதிய ஒப்பந்தமும் ஒரு சங்கமும் வேண்டும். இவற்றைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. கரி சுமந்தவரும், 36 கன அடியில் உறங்கியவரும், கைவிடப்பட்ட கப்பலில் நீரிறைத்துக் கரைசேர்ந்தவரும் அவ்வுரிமைக்கு முன்பணம் செலுத்திச் சென்றுவிட்டனர்.